நெர்ஹா நகரும் ஐந்து சிறுவர் கண்ட குகையும்



ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கில் அமைந்துள்ளது ஸ்பெயின் நாடு. அதன் தென்கரையில், மலாகா நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலை நோக்கி வீற்றிருக்கும் சிறு நகரம் நெர்ஹா. முன்னே நீலக்கடல், பின்னே அல்மிஹாரா மலைத்தொடர், இடையே வெள்ளையடித்த வீடுகள். முற்காலத்தில் இப்பகுதியை ஆண்ட அராபியர், நீர்வளம் மிக்க ஊற்று எனப் பொருள்படும்படி வழங்கிய பெயரே நெர்ஹா என மருவிற்று என்பர்.

நகரின் நடுவே, கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறை முனையில் ‘ஐரோப்பாவின் மாடம்’ என்னும் திறந்தவெளி முற்றம் உள்ளது. முன்பு அங்கே ஒரு கோட்டை இருந்தது. 1884ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் தென் ஸ்பெயினைப் பெரும் நிலநடுக்கம் தாக்கிற்று. துயருற்ற மக்களைக் காண மறு ஆண்டில் வந்த மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோ, இம்முனையில் நின்று கடலழகைக் கண்டு வியந்து இப்பெயரைச் சூட்டினார் எனக் கூறுவர். மன்னரின் சிலையை இன்றும் அங்குக் காணலாம்.

நகருக்குக் கிழக்கே மாரோ என்னும் சிற்றூர். அங்கிருந்த சர்க்கரை ஆலைக்கு நீர் கொண்டு செல்ல, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நான்கு அடுக்குகளாக 37 வளைவுகளுடன் எழுப்பப்பட்ட ‘கழுகு நீர்ப்பாலம்’ பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பீரமாக நிற்கின்றது. அதற்கப்பால் செங்குத்தான பாறைகள் கடலோரமாக நெடுந்தொலைவு செல்கின்றன. ஓரிடத்தில் அருவி நேரே கடலில் வீழ்கின்றது. 1989ஆம் ஆண்டு முதல் இக்கடலோரம் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக விளங்குகின்றது.

எனினும், நெர்ஹாவின் புகழை உலகறியச் செய்தது மாரோவை அடுத்துள்ள குகையே. 1959ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், ஐந்து சிறுவர்கள் வௌவால் பிடிக்கும் எண்ணத்துடன் ஒரு குழிக்குள் இறங்கினர். வழியை மறித்து நின்ற இரண்டு கல்விழுதுகளை உடைத்து உள்ளே நுழைந்தனர். பெரிய கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. மட்பாண்டங்களும் மனித எலும்புக் கூடுகளும் கிடப்பதைக் கண்டதும் அஞ்சி வெளியே ஓடிவந்தனர். கண்டதைத் தம் வீட்டாரிடமும் ஆசிரியரிடமும் உரைத்தனர். ‘சிறுவர் பேச்சு’ என்று ஆசிரியர் தள்ளிவிடவில்லை. தாமும் குகையைக் காணச் சென்றார். சில மாதங்களில் படங்கள் நாளிதழில் வெளிவந்தன. மறு ஆண்டில் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள இக்குகையில் 32 மீட்டர் உயரமான கல்தூண் ஒன்று உள்ளது. இதனை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. மழைநீர் மண்ணினூடே இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்று, சிறிது புளிப்புத் தன்மை பெறுகின்றது. அந்நீர் பாறையிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு குகைக் கூரையில் கசிகின்றது. அங்கே வாயு பிரிந்துவிட, சுண்ணாம்பு மட்டும் படிகின்றது. மேலிருந்து விழுதும் கீழிருந்து முளையும் துளித்துளியாக வளர்ந்து, இறுதியில் ஒன்று சேர்ந்து தூணாகின்றன. நம் பத்துமலைக் குகையில் தொங்கும் கல்விழுதுகளும் இவ்வாறு தோன்றியவையே.

சுவர்களில் பழங்கால மனிதர் தீட்டிய ஓவியங்களும் உள்ளன. ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் பந்தம் ஏந்தி இங்கு வந்தனர் என்பதை, அவர்கள் விட்டுச்சென்ற கரியையும் புகைக்கறையையும் ஆராய்ந்து 2023ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். இச்செல்வங்கள் கெடாதிருக்க, குகையின் பெரும்பகுதியில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

குகை வாயிலருகே அவ்வைந்து சிறுவருக்கும் சிலை எழுப்பியுள்ளனர். அவர்களின் ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும், அன்று உடைந்த இரு விழுதுகளை எவராலும் மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆயிரமாயிரம் ஆண்டுகளில் வளர்ந்தது ஓரடியில் முறிந்துவிடும். ஆகவே, அன்பு மாணவர்களே, எதனையும் கூர்ந்து நோக்குங்கள். புதியதைக் கண்டால் பெரியோரிடம் கூறுங்கள். ஆனால் கை வைக்குமுன் ஒருகணம் சிந்தியுங்கள். பெரியோராகிய நாமும் பிள்ளைகள் கூறுவதைச் செவிமடுத்தல் வேண்டும். நெர்ஹாவின் ஆசிரியர் அன்று செவிகொடுத்ததனால்தான் உலகம் இன்று அக்குகையைக் கண்டு மகிழ்கின்றது.