தறியும் வட்டையும் தந்த உழைப்பு

மருதமுனையின் கைத்தறிகளில் மிதியைக் காலால் மிதித்தும், கரைவலையைக் கூட்டமாக நின்று இழுத்தும், வட்டை எனும் வயல்வெளியில் வேளாண்மையைத் தாக்கத்தியால் வெட்டியும் வாழ்ந்த கல்முனைக் கரையோரத்தின் முன்தலைமுறையினருக்கு, உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இன்று வட்டைக்குள் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போவது வழக்கமாகிவிட்டது. சோற்றின் அளவோ அந்த உழைப்புக் காலத்தினுடையதாகவே இருக்கிறது.

தொழில் தரும் அசைவின் பெறுமதியை 1953இல் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் லண்டனில் எடுத்துக்காட்டினார். இரட்டைத்தட்டு பஸ்களில் நாள்முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, இருக்கையிலேயே அமர்ந்திருந்த சாரதிகளுக்கு இதயநோய் கூடுதலாக வந்ததை அவரது ஆய்வு பதிவுசெய்தது.

கல்முனைப் பகுதியில் ‘சீனி வருத்தம்’ எனப்படும் நீரிழிவில் அசைவின் பெறுமதி இன்னும் தெளிவாகும். கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள குளுக்கோசைத் தசைக்குள் புகவிடும் ஹோர்மோன் ஆகும். ஆனால் தசை சுருங்கி விரியும்போது, குளுக்கோசை ஏந்திச்செல்லும் புரதங்கள் தசைக்கலத்தின் மேற்பரப்புக்கு நகர்ந்துவிடுவதால், இன்சுலினின் துணையின்றியே சீனி உள்ளே செல்கிறது. நடை முடிந்த பின்னரும் ஓரிரு நாள் தசை இன்சுலினுக்கு நன்கு இணங்கி, பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதால், வெள்ளிக்கிழமை மட்டும் நடப்பது போதாது. தெற்காசியரிடம் உடல் மெலிந்து தோன்றும்போதே வயிற்றுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு உண்டு என்பதால், ஒல்லியானவர் தமக்கு இது வேண்டியதில்லை என்று இருந்துவிடவும் முடியாது. இன்சுலின் ஊசி போடுபவர்கள் மட்டும், சீனி திடீரென இறங்கிவிடாதிருக்க, மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

மூளைக்குக் கிடைக்கும் பயனும் சிறிதன்று. ஹிப்போகாம்பஸ் என்பது புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப்பகுதி. முதுமையில் அது சுருங்கும். கேர்க் எரிக்சன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 120 முதியோரில் வாரம் மூன்று நாள் நடந்த பிரிவினருக்கு அப்பகுதி ஓராண்டில் ஏறத்தாழ 2% வளர்ந்தது. தசையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தோருக்கு அது சுருங்கியது.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. பேச முடிந்து, பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்குவதே மிதம். ஐவேளைத் தொழுகையே இதற்குப் போதும் என்ற கருத்து சிலரிடம் உண்டு. ருகூவும் சுஜூதும் மூட்டுகளுக்கு இதமளித்தாலும், இதயத்துடிப்பைப் போதிய நேரம் உயர்த்துவதில்லை. பள்ளிவாசலுக்கு வேகமாக நடந்து போய்வருவது அதைச் செய்யும்.

சுபஹுத் தொழுகை முடிந்து ஆண்கள் கடற்கரையில் நடந்துவிடலாம். வீடுகள் நெருங்கிய இவ்வூர்களில் பெண்களுக்கு அந்த வாய்ப்பு அவ்வளவு எளிதன்று. நீரிழிவோ ஆண் பெண் பார்ப்பதில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் மாநகர சபையும் கூடிப் பேசி, ஒவ்வோர் ஊரிலும் ஒரு மைதானத்தையேனும், வெளிச்சமும் பாதுகாப்பும் உள்ளதாக, நாளுக்கு ஒரு மணி நேரம் பெண்களுக்கென்றே திறந்துவிட வேண்டும்.