தைலப் போத்தலும் தாயின் கவனமும்



நம் தோட்டத்து வீடுகளில் எது இல்லாவிட்டாலும் தைலப் போத்தல் ஒன்று கட்டாயம் இருக்கும். சாமி மேடைக்குப் பக்கத்திலோ, பாட்டியின் தலையணைக்கு அடியிலோ, அப்பா வேலைக்கு எடுத்துச் செல்லும் பையிலோ அது கிடக்கும். தலைவலி என்றால் நெற்றியில் இரண்டு சொட்டு. வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றிக் கொஞ்சம். மரம் சீவி வந்த கைக்கும், செம்பனைக் குலை தூக்கிய தோளுக்கும் இரவில் அதே தைலந்தான். மலாய்க்காரர்கள் அதை 'மிஞாக் ஆங்ஙின்' என்பார்கள். நாம் கோடாலித் தைலம், நீலகிரித் தைலம் என்று நமக்குப் பழகிய பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறோம்.

இந்தப் பழக்கத்தைக் குறை சொல்வதற்காக நான் இன்று பேச வரவில்லை. வலிக்கிற தோளில் தைலம் தேய்த்தால் சுகமாக இருப்பது உண்மை. ஆனால், தோலின் மேல் சுகம் தருகிற அதே தைலம் ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் போய்விட்டால் நஞ்சாகிவிடும். அதற்கு ஒரு போத்தல் முழுவதும் வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி போதும். இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு வீட்டிலும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னப் போத்தலில் இருக்கும் சிறிதளவு எண்ணெய்க்கு அவ்வளவு வேகம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாலை உறைய வைக்கப் பார்மிக் ஆசிட் ஊற்றுகிறோம். அதை அப்படியே ஊற்றுவதில்லை. நிறையத் தண்ணீரில் சிறிதளவு கலந்துதான் ஊற்றுகிறோம். கலக்காத ஆசிட் கையில் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது நமக்குத் தெரியும். பொருள் ஒன்றுதான், செறிவுதான் வேறு.

இலைகளிலிருந்து வடித்தெடுக்கும் வாசனை எண்ணெய்களும் அப்படிப்பட்டவையே. நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து கிடைக்கிறது. நூறு கிலோ இலையைப் பெரிய கொப்பரையில் இட்டு, நீராவி செலுத்தி வடித்தால், கிடைக்கும் எண்ணெய் ஒன்றிரண்டு கிலோதான். மூட்டை மூட்டையாக இருந்த இலையின் காரம் முழுவதும் ஒரு சிறு பாத்திரத்துக்குள் வந்துவிடுகிறது. ஆகவே, "இது இலைதானே, இயற்கையானதுதானே, என்ன செய்யும்?" என்று எண்ணிவிடக் கூடாது. இலையைக் கொதிக்க வைத்த தண்ணீர் வேறு. இலையை வடித்த எண்ணெய் வேறு.

இனி, இரவு நேரத்தில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒன்றை நினைத்துப் பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இருமல். மறுநாள் விடியுமுன் அம்மா வேலைக்குப் போகவேண்டும். பிள்ளை அழுகிறது. தூக்கக் கலக்கத்தில் எழுந்தவர், விளக்கைப் போடாமலேயே அலமாரியைத் துழாவுகிறார். இருமல் மருந்தும் தைலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கைக்கு எட்டிய போத்தலிலிருந்து கரண்டியில் ஊற்றிப் பிள்ளையின் வாயில் வைத்துவிடுகிறார். பிள்ளை வீறிட்டு அலறும்போதுதான் வாசனை மூக்கில் ஏறுகிறது. அந்தத் தாய்க்குப் பிள்ளைமேல் அன்பு குறைவா? இல்லை. இரண்டு போத்தலையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் பிழை.

அப்படி வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் நான்கு பெயர்களைப் பெரும்பாலும் காணலாம்: மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சலிசிலேட்.

மெத்தில் சலிசிலேட் என்பது ஆஸ்பிரின் மாத்திரையின் நெருங்கிய உறவு. இது கலப்பில்லாத நிலையில் ஒரு தேக்கரண்டி இருந்தால், 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். நாம் வாங்கும் தைலங்களில் இது மற்றப் பொருள்களோடு கலந்தே இருக்கும்; அந்த அளவு போத்தலுக்குப் போத்தல் மாறும். ஆயினும், சிறு பிள்ளைக்கு அதில் கொஞ்சமும் கூடுதல்தான்.

கற்பூரம் மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். விழுங்கிய சில நிமிடங்களிலேயே, முன் அறிகுறி எதுவும் இல்லாமல் வலிப்பு வந்துவிடலாம். சிறு குழந்தைக்கு ஒரு கிராம் அளவு கற்பூரமே உயிருக்கு ஆபத்தாக முடிந்திருக்கிறது. அமெரிக்காவில் கற்பூரம் கரைத்த எண்ணெயை மருந்தாக விற்பதை 1980களின் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். வேறு மருந்தென்று நினைத்து அதைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்ட சம்பவங்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

யூகலிப்டஸ் எண்ணெயை விழுங்கிய பிள்ளை முதலில் இருமும், வாந்தி எடுக்கும். பிறகு, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள், துவண்டு மயங்கிப் போகலாம். எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கினால் மூச்சுத் திணறலும் சேர்ந்துகொள்ளும்.

சாமிக்கு ஏற்றும் கட்டிக் கற்பூரத்தையும் இங்கே மறந்துவிடக் கூடாது. வெள்ளை வெளேரென்று இருக்கும் அது பிள்ளையின் கண்ணுக்குக் கற்கண்டு. பூசை முடிந்ததும் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையும் அவ்வாறே.

அந்துருண்டை பற்றி இன்னொரு முக்கியச் செய்தி உண்டு. நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு, தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்னும் சோதனை செய்கிறார்கள். சில குழந்தைகளுக்கு இந்தச் சத்து இரத்தத்தில் குறைவாக இருக்கும். நாஃப்தலீன் கலந்த அந்துருண்டையின் நெடி பட்டாலே அவர்களுடைய இரத்த அணுக்கள் சிதைந்து, மஞ்சள் காமாலை முற்றிவிடக் கூடும். உங்கள் பிள்ளைக்கு இந்தக் குறை இருப்பதாகத் தாதி சொல்லியிருந்தால், அந்துருண்டையை வீட்டிலேயே வைக்க வேண்டாம். பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்த பழைய துணியில் பச்சைக் குழந்தையைச் சுற்ற வேண்டாம். மெந்தால், கற்பூரம் கலந்த தைலத்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சரி, குடிக்கக் கொடுக்காமல் மேலே தடவினால் மட்டும் போதுமா? அங்கேயும் வயதைப் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மெந்தால், கற்பூரத் தைலங்களைத் தடவ வேண்டாம். எந்த வயதுப் பிள்ளைக்கும் மூக்குத் துவாரத்தில் தைலம் வைக்கவே கூடாது. மெந்தாலின் காரம் மூக்கில் ஏறியதும், பச்சைக் குழந்தையின் தொண்டை இறுகி மூச்சு நின்றுபோன சம்பவங்கள் உண்டு. சளி அடைத்திருக்கிறது, மூக்கைத் திறந்துவிடுகிறேன் என்று நினைத்துச் செய்வது, மூச்சையே அடைத்துவிடும்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கிக் குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது நம் பாட்டிமார்களின் கைவைத்தியம். அவர்களுடைய அன்பை மதிப்போம். ஆனால், இந்த வைத்தியத்தைக் கைக்குழந்தைக்கு விட்டுவிடுவோம். குழந்தையின் தோல் மெல்லியது. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். அதோடு, கற்பூரம் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். அதை அடுப்பில் காய்ச்சுவது வீட்டுக்கே ஆபத்து. வயிறு உப்பி அழும் குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டு முதுகைத் தட்டிக் கொடுங்கள். வெறும் தேங்காய் எண்ணெயைக் கையில் தடவி, வயிற்றை மெல்ல வட்டமாக நீவிவிடுங்கள். பாதி சுகம் அந்தக் கையின் சூட்டிலேயே இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்மார்கள் தங்கள் மார்பில் தைலம் பூசிக்கொள்ளக் கூடாது. தைலம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

ஆவி பிடிப்பதிலும் கவனம் வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் தைலத்தை விட்டு, போர்வையை மூடிப் பிள்ளையை உட்கார வைக்கிறோம். பிள்ளை ஒரு முறை திமிறினால் போதும். சட்டி கவிழ்ந்து தொடையெல்லாம் வெந்துவிடும். பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கும் சில வார்த்தைகள். புண்ணிலும், தீக்காயத்திலும், கண்ணுக்கு அருகிலும் தைலம் படக்கூடாது. தைலம் தேய்த்த இடத்தில் துணியை இறுக்கிக் கட்டுவதோ, சுடுதண்ணீர்ப் பை வைத்து ஒற்றடம் கொடுப்பதோ தோலைப் புண்ணாக்கும். உள்ளே இறங்கும் மருந்தின் அளவும் கூடிவிடும். இருதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவோர், வலித் தைலத்தை நிறையத் தேய்த்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் அப்படியே. சிலருக்குத் தைலத்தின் நெடியே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

இப்பொழுது கைத்தொலைபேசி வழியாகவும் பல வாசனை எண்ணெய்கள் விற்பனைக்கு வருகின்றன. "தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தால் நோய் தீரும்" என்று விற்பவர் சொன்னால், நம்பிக் குடித்துவிடாதீர்கள். தோலில் பூசுவதானாலும் கலக்காமல் பூசக் கூடாது. பெரியவர்களுக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் பத்துச் சொட்டுக்கு மேல் வேண்டாம். மருந்துத் தைலம் வாங்கும்போது, போத்தலில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் மருந்தாகப் பதிவு பெற்ற பொருள்களுக்கு அந்த எண் இருக்கும். தாளே ஒட்டாத போத்தலில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இவ்வளவு கவனமாக இருந்தும் பிள்ளை தைலத்தைக் குடித்துவிட்டால் என்ன செய்வது? பதறாமல் கேளுங்கள்.

முதலாவது, வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையில் விரலை விடுவதும், உப்புத் தண்ணீர் கொடுப்பதும் வேண்டாம். உள்ளே போன எண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கும் இதே விதிதான்.

இரண்டாவது, வாயைத் துடைத்துவிடுங்கள். பால், மோர் என்று எதையும் நீங்களாகப் புகட்டாதீர்கள்.

மூன்றாவது, பிள்ளை மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியைத் திணிக்காதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது, நேரந்தான் போகும்.

நான்காவது, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். 999க்கு அழையுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்டும் ஆலோசனை பெறலாம். தோட்டத்திலிருந்து பட்டணம் தூரமாக இருந்தால், வண்டி வைத்திருப்பவரை உடனே எழுப்புங்கள், நள்ளிரவானாலும் கூச்சப்படாதீர்கள்.

ஐந்தாவது, போத்தலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து, எவ்வளவு குறைந்திருக்கிறது, எத்தனை மணிக்குக் குடித்தது என்ற மூன்றையும் சொன்னால் மருத்துவர் வேலையைத் தாமதமின்றித் தொடங்குவார். பயத்தினால் மறைத்துவிடாதீர்கள். உங்களைத் திட்டுவார்களோ என்ற அச்சத்தைவிடப் பிள்ளையின் உயிர் பெரிது.

கண்ணில் தைலம் பட்டுவிட்டால், கசக்காமல் சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது ஊற்றிக் கழுவிவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேயர்களே, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. பச்சைப் பிள்ளையின் வயிற்றுக்கு, தைலத்தில் மிஞ்சாத அளவு என்று ஒன்று கிடையாது.

ஆகவே, இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். மூடி இறுக்கமான பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுங்கள். வீட்டிலுள்ள தைலம், கட்டிக் கற்பூரம், வலி மருந்து எல்லாவற்றையும் அதில் போட்டு, பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளுக்கு வேறோர் இடம் ஒதுக்குங்கள். இரவில் மருந்து கொடுக்கும்போது விளக்கைப் போட்டு, தாளைப் படித்த பிறகு கொடுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்கு அந்த டின்னைக் காட்டி, "இது மேலுக்கு மட்டும்" என்று சொல்லி வையுங்கள். அப்பாமார்களும் வேலைப் பையைத் தரையில் போடாமல் ஆணியில் மாட்டுங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமும், பக்கத்து வீட்டு அக்காவிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

தைலம் நம் வீட்டில் இருக்கட்டும். அலுத்து வந்த தோளுக்கு அது உதவட்டும். ஆனால், அதன் இடம் அந்த உயரத்து டின்னாக இருக்கட்டும்.