வாக்கும் வரியும்: செமோரில் அன்றும் இன்றும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் செமோரில் வீடு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ஈப்போ மாநகர் மன்றத்திலிருந்து மதிப்பீட்டு வரி பில் வரும். முதல் தவணையைப் பிப்ரவரிக்குள்ளும் இரண்டாவதை ஆகஸ்டுக்குள்ளும் கட்டிவிட வேண்டும். அந்தப் பணத்தில்தான் குப்பை அள்ளுகிறார்கள், கால்வாயில் தூர் வாருகிறார்கள், சாலையோரப் புல்லை வெட்டுகிறார்கள். வரியைத் தீர்மானிக்கும் மன்றத்தில் அமர்ந்திருப்பவர்களில் ஒருவரைக்கூட செமோர்க்காரர் வாக்களித்து அனுப்பவில்லை. மேயர் நியமனம், உறுப்பினர்களும் நியமனம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மேயரைத் தவிர 8 முதல் 24 பேர் வரை மாநில அரசு நியமிக்கலாம். ஒரு தவணை மூன்று ஆண்டுகளைத் தாண்டாது.

எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்றில்லை. இந்த நாடு வாக்களிக்கப் பழகியதே ஊராட்சித் தேர்தலில்தான். 1951 டிசம்பர் 1 அன்று ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்தது. நாடு தழுவிய முதல் பொதுத்தேர்தல் அதன் பிறகு, 1955 ஜூலை 27 அன்றுதான் வந்தது. நாட்டை யார் ஆள்வது என்று கேட்கப்படுவதற்கு முன்பே, தெருவையும் சந்தையையும் யார் நிர்வகிப்பது என்று மக்கள் கேட்கப்பட்டார்கள். அவசரகாலத்தில் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்ட புதுக்கிராமங்களுக்குக்கூட, 1952ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வழியைத் திறந்தது.

அந்த வாக்கின் வலிமையை ஈப்போ நன்றாகவே அறிந்திருந்தது. 1950களின் இறுதியிலிருந்து ஈப்போ நகர மன்றம் மக்கள் முற்போக்குக் கட்சியின், அதாவது பிபிபியின் கையில் இருந்தது. அதை நடத்தியவர்கள் யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியில் வந்த டி.ஆர். சீனிவாசகமும் அவர் சகோதரர் எஸ்.பி. சீனிவாசகமும். இருவரும் வழக்கறிஞர்கள். ஈப்போ வாக்காளர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அந்தச் சீனர்கள்தான் இந்த இரண்டு தமிழர்களையும் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். பினாங்கிலும் ஜார்ஜ்டவுன் மேயராக டி.எஸ். இராமநாதன் என்ற தமிழர் இருந்தார். ஊராட்சித் தேர்தல் வந்தால் இனப்பிளவு வரும் என்று இன்று சொல்பவர்கள் இந்தப் பெயர்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அன்றைய காலத்தைப் பொற்காலம் என்று எழுதிவிட முடியாது, குறிப்பாகத் தமிழர்களால். 1955இல் பதிவான வாக்காளர் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள், 11 விழுக்காட்டினர் சீனர்கள். இந்தியர்கள் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களில் பலருக்குக் குடியுரிமையே இல்லை. குடியுரிமை வந்த பிறகும் தோட்டம் நிறுவனத்தின் தனிச்சொத்தாகவே இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கூரை போடுவதும் தண்ணீர்க் குழாய் வைப்பதும் நிர்வாகத்தின் வேலை. ஊராட்சி மன்றத்தின் கை தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. தோட்டத் தொழிலாளி நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஆளும் கூட்டணியின் பாய்மரக் கப்பல் சின்னத்தைத் தேடி வாக்களிப்பார். லயத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டால் கிராணியிடமோ துரையிடமோதான் போய் நிற்க வேண்டும். அவர்களை மாற்ற வாக்குச்சீட்டு எதுவும் கிடையாது.

அந்த வாக்கு போன கதை சுருக்கமானது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச் மாதம் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவரும் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தீபகற்ப மலேசியாவில் அப்போது 370க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. பல மிகச் சிறியவை. வருமானம் குறைவு, திறமையான ஊழியர்கள் இல்லை. சிலவற்றின் மீது ஊழல் புகாரும் இருந்தது. ஆணையம் இவற்றை மறைக்கவில்லை. சிறியவற்றை ஒன்றிணைக்க வேண்டும் என்றது. கூடவே, மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவையாகவே இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசு முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் மன்றங்களை இணைத்துப் பெரிதாக்கியது. அதன் 15ஆம் பிரிவு தேர்தலை முடித்துவைத்தது.

அதே 1976இல், செப்டம்பர் 20 அன்று, ஐரோப்பிய சமூகத்தின் ஒன்பது நாடுகள் வேறொரு சட்டத்தில் கையெழுத்திட்டன. அதுவரை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இருந்தவர்கள் அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்கள் அனுப்பிவைத்த நியமன உறுப்பினர்கள். நேரடித் தேர்தல் வரும் என்று 1957ஆம் ஆண்டு ரோம் ஒப்பந்தம் சொல்லியிருந்தும், அது நடக்க 22 ஆண்டுகள் பிடித்தன. 1979 ஜூன் மாதம் ஒன்பது நாட்டு மக்கள் 410 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே நேரடித் தேர்தலுக்குக் கதவு சாத்தப்பட்ட அதே ஆண்டில் அங்கே கதவு திறந்தது. சிறியவற்றை இணைத்துப் பெரியதாக்கும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பெரிதான அமைப்பு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு விடை கிடைத்தது.

ஐரோப்பாவின் விடையும் குறையில்லாதது அல்ல. 1979இல் வாக்களித்தவர்கள் சுமார் 62 விழுக்காட்டினர். 2014இல் 43க்கும் கீழே போய், 2024இல் ஏறக்குறைய 51 என்று நின்றது. பொதுவாக்கெடுப்புகளில் கசப்பும் உண்டு. அயர்லாந்து மக்கள் 2008இல் லிஸ்பன் ஒப்பந்தத்தை 53 விழுக்காட்டுக்கும் மேலாக நிராகரித்தார்கள்; அடுத்த ஆண்டே மறுபடி கேட்கப்பட்டு 67 விழுக்காட்டினர் ஏற்றார்கள். 2005இல் பிரான்சும் நெதர்லாந்தும் ஐரோப்பிய அரசியலமைப்பு வேண்டாம் என்றன. அதன் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தம் என்ற பெயரில் திரும்பி வந்தபோது அந்த இரு நாட்டு மக்களிடமும் யாரும் கேட்கவில்லை. பிரிட்டன் 1975இல் 67 விழுக்காட்டோடு உள்ளே இருக்க ஒப்பி, 2016இல் 51.9 விழுக்காட்டோடு வெளியேற முடிவுசெய்தது. இத்தனை தடுமாற்றத்திலும் ஒன்று நிலைத்தது: மக்களைக் கேட்காமல் செய்துவிட்டால், அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டியிருந்தது.

இணைப்பு என்ற சொல் நமக்கும் புதிதல்ல. 1962இல் சிங்கப்பூர் மக்களிடம் மலாயாவுடனான இணைப்பு பற்றி வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று வழிகள் இருந்தன, வேண்டாம் என்ற வழி இல்லை. நான்கில் ஒருவர் வெற்றுச் சீட்டைப் போட்டார். சபா, சரவாக் மக்களின் மனத்தை அறிய கோபோல்ட் ஆணையம் போனது. மலாயா மக்களிடம் வாக்கெடுப்பே இல்லை. செமோரில் இருந்தவர்கள் 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியர்களானார்கள். நாடாளுமன்றம் அவர்களுக்காக முடிவெடுத்தது.

இனி இன்றைய செமோர். மாநகர் மன்றத்தின் எல்லை இப்போது சுமார் 643 சதுர கிலோமீட்டர். தஞ்சோங் ரம்புத்தான், தம்புன், செமோர் எல்லாம் அதற்குள் அடக்கம். 1962இல் நகராண்மைக் கழகமான ஈப்போ 1988இல் மாநகரமானது. பொறியாளர், திட்டமிடல் அதிகாரி, சுகாதாரப் பிரிவு என்று ஒரு சின்னப் புதுக்கிராமத்து மன்றம் கனவிலும் வைத்திருக்க முடியாத வசதிகள் அதற்கு உண்டு. இது லாபம்தான், மறுக்க வேண்டியதில்லை.

ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் வரிசை வீடுகள் எழுந்தன. தோட்டம் துண்டாடப்பட்டோ கைமாறியோ போனபின் லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் தாமான்களில் தவணைக்கு வீடு வாங்கின. துரையும் கிராணியும் இல்லாத வாழ்க்கை. கால்வாய் அடைத்தால் கேட்க ஒரு மன்றம், கட்ட ஒரு வரி, கையில் ஒரு ரசீது. மூன்று தலைமுறையாகத் தனியார் சொத்துக்குள் வாழ்ந்த தமிழர் முதன்முறையாக ஊராட்சியின் குடிமகனானார். அவர் வந்து சேர்ந்தபோது அந்த ஊராட்சிக்கு வாக்குப் பெட்டியே இல்லை. இருந்து இழந்தவர்களுக்கு நினைவாவது மிஞ்சும். தோட்டத்து மனிதருக்கு அதுவும் இல்லை. நியமன அதிகாரி ஒருவரை விட்டு இன்னொரு நியமன அதிகாரியிடம் வந்து நின்றதுதான் அவர் கண்ட மாற்றம்.

மேல்மட்டத்து வாக்கு மட்டும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அன்று 21 வயதாகிப் பதிவுசெய்தவரே வாக்காளர். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் போதும், பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். 2018இல் நாட்டில் சுமார் 1 கோடி 49 லட்சம் வாக்காளர்கள். 2022இல் 2 கோடி 11 லட்சம். 2013 முதல் விரலில் அழியா மை வைக்கிறார்கள். அந்த வாக்குக்குப் பல் இருக்கிறது என்பதை இந்த வட்டாரமே காட்டியிருக்கிறது. பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் 1974 முதல் 34 ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலுவை, 2008 மார்ச் மாதம் மருத்துவர் மைக்கல் ஜெயக்குமார் 1,821 வாக்குகளில் தோற்கடித்தார். 2022 நவம்பரில் செமோர் பட்டணம் அடங்கிய தம்புன் தொகுதி 3,736 வாக்கு பெரும்பான்மையில் அன்வார் இப்ராகிமைத் தேர்ந்தெடுத்தது. ஐந்து நாள் கழித்து அவர் பிரதமர். நாட்டின் பிரதமரை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப முடிகிற வாக்காளருக்கு, தன் தெருவுக்கான மன்ற உறுப்பினரை அனுப்ப முடியவில்லை.

மேல்மட்டத்து வாக்கும் கேட்பாரற்றுப் போன காலம் பேராக்கில் உண்டு. 2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதில், பத்து மாதங்களுக்குச் சற்று மேல் ஆண்ட மாநில அரசு கவிழ்ந்தது; மூவரில் ஒருவர் செமோரை ஒட்டிய ஜெலப்பாங் தொகுதிக்காரர். மே 7 அன்று சபாநாயகர் வி. சிவகுமாரை இருக்கையோடு சபையிலிருந்து இழுத்துச் சென்றார்கள். வாக்காளரிடம் யாரும் மறுபடி கேட்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களின் கட்சித்தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாமதமானாலும், பிழை நடந்தது என்று சட்டமே ஒப்புக்கொண்ட ஒரு திருத்தம் அது.

ஊராட்சி வாக்குக்கு அப்படி ஒரு திருத்தம் இன்னும் வரவில்லை. பினாங்கு மாநிலம் 2012இல் தேர்தலைக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அந்த முயற்சியைத் தள்ளுபடி செய்தது. 2018இல் ஆட்சி மாறியபோது நம்பிக்கை துளிர்த்தது. இனவேறுபாடு கூர்மையாகும் என்று அன்றைய பிரதமர் மகாதீர் மறுத்துவிட்டார்.

இன்றும் செமோரில் கால்வாய் நிரம்பி வழிந்தால் மக்கள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகிறார்கள். பல நேரம் வேலை நடக்கிறது. நடப்பது உறுப்பினரின் நல்ல மனத்தால். சட்டம் இயற்றப் போனவர் கால்வாய்க்குப் பதில் சொல்கிறார். கால்வாய்க்குப் பொறுப்பானவர் தேர்தலையே சந்திப்பதில்லை. மன்ற உறுப்பினரின் பெயரைக் கேட்டால் தெருவில் பலருக்குத் தெரியாது. தெரிந்துவைக்க அவசியமும் நேரவில்லை, ஏனென்றால் அவரை வைக்கவோ எடுக்கவோ அவர்களால் முடியாது.

பெரிய மன்றம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆதி நாகப்பன் ஆணையம் இணைப்பையும் தேர்தலையும் சேர்த்தே கேட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று அது நினைக்கவில்லை. நியமன அவையைத் தேர்தல் அவையாக மாற்ற முடியும் என்பதை ஐரோப்பா 1979இல் செய்து காட்டியது. 1965இல் தற்காலிகமாக நின்ற ஒன்றை மறுபடி தொடங்கச் சொல்வது புதிய கோரிக்கையும் அல்ல. பாட்டன் காலத்தில் வாக்கு இருந்தும் தோட்டத்து வேலிக்குள் இருந்ததால் அது எட்டவில்லை. பேரன் காலத்தில் வேலி இல்லை, வாக்கும் இல்லை. வேலியும் இல்லாமல் வாக்கும் இருக்கிற ஒரு காலத்தைச் செமோர்த் தமிழர் இதுவரை ஒருநாள்கூடக் கண்டதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை வரி கட்டுகிறவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களிக்கவும் வேண்டும் என்பது நியாயமான கணக்கு. அதைக் கேட்க வேண்டியவர்களும் அவர்களே.