பெருக்கினாலும் தேயாத கோடு

செய்தித்தாளில் அச்சான ஒரு புகைப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பாருங்கள். முகம் மறைந்து, வெறும் புள்ளிகளே தெரியும். கணினியில் புள்ளிகளாகச் சேமித்த படத்திற்கும் இதே கதிதான். பெரிதாக்கினால் கோடுகள் படிக்கட்டுகளாகிவிடும்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. ‘இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிவரை கோடு போடு’ என்று கட்டளைகளாகவே படத்தைச் சேமிக்கலாம். இதுவே வெக்டர் முறை. எத்தனை மடங்கு பெருக்கினாலும் கணினி கோட்டைப் புதிதாக வரைவதால் கூர்மை குறையாது. 1984-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, அச்சுப் பக்கத்தையே இத்தகைய கட்டளைகளாக்கியது. அதன் வழிவந்ததுதான் 1993-இல் தோன்றிய பி.டி.எஃப்.

இதனால் நமக்கென்ன? கடலூர் மாவட்டம் வளையமாதேவியை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலையில், நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்திற்காக, நெற்பயிர் நின்ற வயல்களிலே கால்வாய் வெட்டப்பட்ட ஊர் அது. அங்கே ‘யாருடைய வயல் எதுவரை?’ என்பது வாழ்வுக் கேள்வி. அதற்கு விடை சொல்வது நில அளவைப் புலப்படம். தமிழ்நாட்டில் புலப்படத்தின் அளவுகளை எண்களாகக் கணினியில் ஏற்றுகிறார்கள். தேசிய தகவலியல் மையத்தின் மென்பொருள் அவற்றைக் கொண்டு எல்லைக் கோடுகளை வரைகிறது.

ஒன்றை மறவாதீர்கள். பி.டி.எஃப். கோப்பு புள்ளிப் படத்தையும் சுமக்கும், கோட்டுக் கட்டளையையும் சுமக்கும். எது என்று அறிய, திரையில் எட்டு மடங்கு பெருக்கிப் பாருங்கள். படிக்கட்டு தெரிந்தால் அது புள்ளிப் படம். தெரியாவிட்டால் பெரும்பாலும் வெக்டர். ஆனால் கோடு கூர்மையாக இருப்பதாலேயே அளவு சரியாகிவிடாது. வயலில் இறங்கி அளந்தவர் சரியாக அளந்திருக்க வேண்டும்!