மதிப்பெண்ணே கல்வியாகுமா?

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. அதன் பொருளை நான் சென்ற காலாண்டு விடுமுறையில்தான் உணர்ந்தேன்.

சவ்வாது மலையடிவாரமாகிய சந்தவாசலில், எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கடைக்கால் தோண்ட அளவு எடுத்தார்கள். மேஸ்திரி ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடியும் மறுபக்கம் நான்கடியும் அளந்து முளை அடித்தார். இரு முளைகளுக்கும் குறுக்கே கயிறு பிடித்து, “ஐந்தடி இருக்கு. மூலை சரி” என்றார்.

“ஏன் அண்ணா, ஐந்தடி இருக்க வேண்டும்?” என்று கேட்டேன்.

“பத்தாவது படிக்கிற பொண்ணு, நீதாம்மா சொல்லணும்!” என்று சிரித்தார்.

என்னால் சொல்ல முடியவில்லை. அன்றிரவுதான் விளங்கிற்று. மூன்றின் வர்க்கம் 9, நான்கின் வர்க்கம் 16. கூட்டினால் 25, அதாவது ஐந்தின் வர்க்கம். பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை! அத்தேற்றத்தைத் தேர்வில் ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்றவள் நான்.

அப்படியானால் மதிப்பெண் வேண்டாமா? அவ்வாறு சொல்வது நன்றியின்மையாகும். தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தினால் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்தது. மதிப்பெண் ஒரு மரக்கால். நெல்லை அளக்க அது வேண்டும். ஆனால் எந்த மரக்காலும் நெல்லை விளைவித்ததில்லை.

விளைவிப்பது எது? 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்தத் தொடங்கிய ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அவ்வழக்கத்தைத் தம் பள்ளியில் புகுத்தினார். கற்ற சிறுவரைக் கொண்டே மற்றவருக்குக் கற்பித்தார். அதுவே “மதராஸ் முறை” என்று இங்கிலாந்து வரை பரவியது. பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எது தெரியாது என்பது தெரிகிறது.

நம் காலத்திற்கு அருகில், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. பிள்ளைகள் பாயில் அமர்ந்து அட்டைகளை எடுத்து, தத்தம் வேகத்தில் ஏணிப்படி போல் முன்னேறினர். 2017-இல் பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடுவதையும் அரசு நிறுத்தியது. முந்துவது வேறு, கற்பது வேறு என்பதை இவை காட்டுகின்றன அல்லவா?

ஆகவே தோழியரே, விடைத்தாள் கைக்கு வந்ததும் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து மடித்து வைக்காதீர்கள். தவறிய வினாவை மீண்டும் போட்டுப் பாருங்கள். சரியாக எழுதியதைப் பக்கத்தில் இருப்பவளுக்குப் புத்தகமின்றி விளக்கிப் பாருங்கள். பெற்றோரே, “எத்தனை வாங்கினாய்?” என்று கேட்கும் முன், “இன்று என்ன விளங்கிற்று?” என்று ஒருமுறை கேளுங்கள்.

பொதுத்தேர்வு எனக்கும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல மதிப்பெண் பெற வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அடுத்த முறை ஒரு மேஸ்திரி என்னைக் கேட்டால், விடை சொல்லவும் வேண்டும்.