செங்காந்தளை இனங்காணல்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பொழிய, சுருளி அருவியில் நீர் பெருகும். அக்காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் மலையடிவாரப் புதர்களிலும் வேலிகளிலும் ஒரு கொடி தளிர்த்துப் படர்ந்து, கார்த்திகைக்குள் தீக்கொழுந்தெனப் பூத்து நிற்கும். அதுவே செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் முதலாவது இது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

இம்மலரை நிறத்தால் மட்டும் அறிய முயல்வோர் ஏமாறுவர். அரும்பு பசுமையானது. விரிந்த இதழின் அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் இருக்கும். சில நாள்களில் மலர் முழுவதும் செம்மையாகும். ஒரே கொடியில் இம்மூன்றையும் கண்டு, மூன்று வேறு பூக்கள் எனக் குறித்துவரும் மாணவரும் உண்டு! வடிவமோ மாறுவதில்லை. நெளிந்த விளிம்புடைய ஆறு இதழ்கள் பின்னோக்கி மடங்கி மேல்நோக்கி நிற்கும். ஆறு மகரந்தத்தாள்கள் சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிந்திருக்கும். சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக வளைந்து பக்கவாட்டில் நீளும். மகளிர் விரல்களுக்குச் சங்கப் புலவர்கள் காந்தளை உவமையாக்கியதன் பொருத்தம் மலரை நேரில் கண்டால் விளங்கும்.

பூவாத காலத்தில் இலையே சான்று. கம்பத்தின் திராட்சைப் பந்தலில் பற்றுக்கம்பி தண்டின் கணுவிலிருந்து, இலைக்கு எதிர்ப்புறம் தோன்றுவதைக் காணலாம். காந்தளிலோ ஈட்டி போன்ற இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. இலை நரம்புகள் இணையாக ஓடும். வள்ளிக்கிழங்குக் கொடிக்கு இதய வடிவ இலையே உண்டு, பற்றுக்கம்பி இல்லை.

இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. காந்தளின் எல்லா உறுப்புகளிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அளவறிந்து தரும்போது கீல்வாத மருந்தாகும் இப்பொருளுக்காகவே கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் இது தமிழகத்தில் பயிரிடப்படுகிறது. உண்ணும் கிழங்கென மயங்கித் தின்று மாண்டவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நஞ்சின் அறிகுறிகள் உடனே தோன்றாமல் சில மணி நேரம் கழித்தே வெளிப்படுவதால், உண்டவர் ஐயுறாமல் இருந்துவிடுவதும் உண்டு.

கோடையில் கொடி காய்ந்து மறைய, கிழங்கு மட்டும் மண்ணுள் உறங்கும். அப்போது பூவுமில்லை, இலையுமில்லை. மண்ணைத் தோண்டுவோர் காண்பது இரு கைகளாகப் பிரிந்து, கலப்பையைப் போல வளைந்த கிழங்கை மட்டுமே. கலப்பைக்கிழங்கு என முன்னோர் பெயரிட்டது அவ்வடிவத்தால்தான்.