ஒரு நாளைக்கு எத்தனை முறை முகம் கழுவுகிறாய்?

படிவம் ஐந்து படித்த ஆண்டில் என் புத்தகப்பையில் எப்போதும் ஒரு சோப்புப் பெட்டி இருக்கும். ஓய்வு மணி அடித்ததும் நண்பர்கள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடுவார்கள். நான் கழிவறைக் குழாயைத் தேடி ஓடுவேன். எழுந்ததும் ஒரு முறை, பள்ளியில் இரண்டு முறை, வீடு திரும்பியதும் ஒரு முறை, மாலையில் ஃபுட்சால் முடிந்து ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. ஆக மொத்தம் ஆறு. அப்படியும் பத்து நிமிடத்தில் நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். கன்னம் முழுக்கப் பருக்கள்.

பந்திங்கில் வளர்ந்தவர்களுக்கு இந்த வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் மோரிப் கடற்கரை, மற்றப் பக்கங்களில் செம்பனைத் தோட்டங்கள். காற்றிலேயே ஈரம் நிற்கும். பள்ளிப் பேருந்தில் ஏறி இறங்குவதற்குள் சட்டை நனைந்துவிடும். முகத்தில் வழிவதெல்லாம் அழுக்கு, தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்று நான் நம்பினேன். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். “ஒழுங்கா சோப்பு போட்டுக் கழுவுடா, போயிடும்” என்பார் அம்மா. மாமாவோ, “ஆம்பளப் பையனுக்கு முகத்துல என்னடா அவ்வளவு கவலை?” என்பார். கவலை இருந்தது. வகுப்புப் படம் எடுக்கும் நாளில் காய்ச்சல் என்று பொய் சொல்லி நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அந்த ஆண்டின் பள்ளி மலரில் என் முகம் இல்லை.

எஸ்.பி.எம். தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தபோது இரவுச் சந்தையில் ஒரு சின்ன டப்பி கிரீம் வாங்கினேன். விலை 15 ரிங்கிட். ‘ஏழே நாளில் பரு மறையும், முகம் வெளுக்கும்’ என்று விற்பவர் சொன்னார். உண்மையிலேயே மறைந்தது. ஐந்தாம் நாள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். ஆறு வாரத்தில் டப்பி தீர்ந்தது. அடுத்த வாரம் சந்தையில் அந்தக் கடை இல்லை. கிரீமை நிறுத்திய நான்காம் நாளே முகம் சிவந்து வீங்கி, தண்ணீர் பட்டாலே எரிந்தது. பழைய பருக்களைவிட இரு மடங்கு புதிய பருக்கள் கிளம்பின.

அம்மா என்னை அரசாங்க சுகாதார கிளினிக்கிற்கு அழைத்துப் போனார். பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கிருந்த மலாய்க்கார மருத்துவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி கிரீமைப் பற்றியது அன்று. “அடிக், சேஹாரி பெராப்பா காலி பாசோ மூக்கா?” ஒரு நாளைக்கு எத்தனை முறை முகம் கழுவுகிறாய்?

ஆறு என்றேன். “தண்ணி பில்லே இவனாலதான் ஏறுது டாக்டர்” என்று அம்மா மலாயும் தமிழும் கலந்து சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை. இரண்டு போதும், வியர்த்து விளையாடினால் மூன்று என்றார். அதற்குப் பிறகுதான் டப்பியைக் காட்டச் சொன்னார்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அன்று அவர் அவசரத்தில் சொன்னதற்கெல்லாம் காரணம் என்ன என்பதைப் பின்னர் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணெய். அது வெளியிலிருந்து வந்து ஒட்டுவதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் சுரப்பிகள் சீபம் என்னும் கொழுப்பைச் சுரக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் கூடும்போது, ஆணுக்கும் சரி பெண்ணுக்கும் சரி, இந்தச் சுரப்பிகள் பெரிதாகிக் கூடுதலாக வேலை செய்கின்றன. உதிர வேண்டிய தோல் அணுக்கள் துளையின் வாயில் ஒட்டி அடைத்துக்கொண்டால் எண்ணெய் உள்ளேயே தேங்குகிறது. அதில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிர் பெருகி, தோல் வீங்கிச் சிவக்கிறது. அதுதான் பரு. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகூட அழுக்கன்று. அடைப்பு திறந்து காற்றுப் படுவதால் கறுத்துத் தெரிகிறது. ஆக, ஆறு முறை கழுவினாலும் அறுபது முறை கழுவினாலும் மேலே இருப்பதுதான் போகும். உள்ளே சுரப்பதைச் சோப்பு நிறுத்தாது.

நிறுத்தாதது மட்டுமில்லை, கெடுக்கவும் செய்யும். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை உடையது, பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். முதலாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள், எங்கள் வீட்டுச் சோப்பின் ஒரு துண்டைக் கரைத்து பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன். தாள் கரும்பச்சையாகி நீலத்தை நெருங்கியது. மருந்தகத்தில் வாங்கிய முகம் கழுவும் திரவம் மஞ்சளிலேயே நின்றது. இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இந்தத் தாள் இருக்கும். ஆசிரியரிடம் அனுமதி பெற்று நீங்களும் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

காரம் பட்டால் தோல் தன் அமில நிலைக்குத் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கும். அது திரும்புவதற்குள் நான் அடுத்த முறை சோப்புப் போட்டுவிடுவேன். ஈரத்தைக் காக்கும் கொழுப்புப் படலமும் சேர்ந்தே கரைந்தது. எண்ணெய் வழியும் முகம் ஒரே நேரத்தில் எரிச்சல் முகமாகவும் ஆனது இப்படித்தான். ‘எண்ணெய்ச் சருமம் முரடு, மென்மையான சருமம் வேறு’ என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே கன்னத்தில் இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் செய்தி. சோப்புக் கட்டியின் உறையைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் முதல் வரியிலேயே சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று இருக்கும். செம்பனை எண்ணெயும் செம்பனைப் பருப்பு எண்ணெயும் காரத்தோடு சேர்ந்து ஆனவை அவை. இந்நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலில் செம்பனை நடப்பட்டது 1917இல், நம் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். என் தாத்தா இளவயதில் தோளில் சுமந்த குலைகள் ஏதோ ஓர் ஊரில் சோப்பாகி நுரைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சோப்பின் மேல் எனக்குப் பகை இல்லை. கைக்கும் காலுக்கும் அது நல்லதுதான். முகத்துக்குத்தான் வேண்டாம் என்கிறேன்.

முகத்துக்கு வேண்டியது ‘சோப்பு இல்லாத’ மென்மையான கிளென்சர். மருந்தகத்தில் ‘கூலிட் பெர்மிஞாக்’, ‘கூலிட் சென்சிதிஃப்’ என்று தனித்தனி அடுக்குகள் இருக்கும். எண்ணெயும் வழிந்து எரிச்சலும் இருந்தால் இரண்டாவது அடுக்கிலிருந்து தொடங்குங்கள். வாசனை சேர்க்காதது, ஆல்கஹால் இல்லாதது, மணல்போல் துகள் இல்லாதது என்று பார்த்தால் போதும். சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பெயர் பட்டியலின் தொடக்கத்தில் இருந்தால் நான் திருப்பி வைத்துவிடுவேன். தோலில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பரிசோதிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பொருள் அது. 20 ரிங்கிட்டுக்குள்ளேயே நல்லது கிடைக்கிறது. நடிகர் படம் போட்டதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கழுவும் முறை எளிது. முதலில் கையைக் கழுவுங்கள். முகத்தை நனைத்து, சிறிதளவு கிளென்சரை விரல் நுனியால் அரை நிமிடம் தடவுங்கள், தேய்க்க வேண்டாம். சுடுநீர் வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். மயிர்க்கோட்டிலும் தாடைக்குக் கீழேயும் நுரை தங்காமல் அலசுங்கள். பிறகு உங்களுக்கென்று தனியாக ஒரு துண்டு வைத்து ஒற்றி எடுங்கள். எங்கள் வீட்டில் குளியலறைக் கதவில் தொங்கும் ஒரே துண்டுதான் நால்வருக்கும்; அதை மாற்றவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஈரம் முழுதும் காய்வதற்குள் ஜெல் வகை ஈரப்பூச்சு. ‘எண்ணெய் வழியும் முகத்துக்கு எதற்கு ஈரப்பூச்சு?’ என்று நானும் கேட்டேன். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. உறையில் நான்-கமடோஜெனிக் என்று போட்டிருந்தால் துளையை அடைக்காதபடி தயாரித்ததாகப் பொருள். காலையில் வெளியே கிளம்பும்போது எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில்பூச்சு. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் பரு ஆறிய இடத்தில் கறை பல மாதம் நிற்கும். வெயில் அதை இன்னும் கருமையாக்கும்.

இரவில் படுக்கும் முன் கழுவுவதைத் தவறவிடாதீர்கள். காலையில் முகம் வறண்டிருந்தால் வெறும் தண்ணீர் போதும். இடையில் எண்ணெய் வழிந்தால் மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள்.

இனி வீட்டு வைத்தியம். பாட்டியின் பச்சைப்பயற்று மாவை நான் குறை சொல்ல மாட்டேன். நைசாக அரைத்து, தேய்க்காமல் பூசி அலசினால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு அப்படியன்று. அதன் பி.எச். ஏறக்குறைய 2. பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். பருவின் மேல் பற்பசை வைப்பதும் எரிச்சலில்தான் முடியும்.

தலைக்கு வைக்கும் எண்ணெயையும் கவனியுங்கள். வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைத்துச் சீவி அனுப்புவது நம் வீடுகளின் பாசம். அது நெற்றிக்கு இறங்கினால் மயிர்க்கோட்டை ஒட்டிப் பொடிப்பொடியாகப் பரு வரும். இதற்கு ‘பொமேட் ஆக்னி’ என்று பெயரிட்டு 1970இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் தலைக்குக் குளித்துவிட்டால் பாட்டிக்கும் வருத்தமில்லை, நெற்றிக்கும் வருத்தமில்லை. என் அக்காவுக்கு வேறு சிக்கல். ஒட்டுப்பொட்டு வைக்கும் இடத்தில் அரித்து, பிறகு வெளுக்கத் தொடங்கியது. சிலவகைப் பொட்டுகளின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷரி பியூட்டைல் பீனால் என்ற பொருள் அப்படிச் செய்யும். பொட்டை மாற்றியும் அரிப்பு நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

மீண்டும் அந்த டப்பிக்கு வருகிறேன். மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நம்பர் எங்கே?” என்றார். மலேசியாவில் விற்கப்படும் ஒப்பனைப் பொருள் ஒவ்வொன்றையும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்திடம், அதாவது என்.பி.ஆர்.ஏ.வுக்கு, நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டிலிருந்து இதுதான் நடைமுறை. அறிவித்ததும் கிடைக்கும் எண் என், ஓ, டி என்ற மூன்று எழுத்தில் தொடங்கி ‘கே’ என்ற எழுத்தில் முடியும். அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வரும். பெயர் பொருந்தாவிட்டால் தொடாதீர்கள். எண் இருந்தாலே முழுப் பாதுகாப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். சந்தைக்கு வந்த பிறகு எடுத்துச் சோதித்து, நச்சுப்பொருள் இருந்ததால் அறிவிப்பு ரத்து செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலையும் அந்நிறுவனம் அவ்வப்போது வெளியிடுகிறது.

அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு. பாதரசம் தோல் நிறமியான மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் சட்டென வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கிறது. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும். நீண்ட நாள் போட்டால் தோல் மெலியும், நிறுத்தினால் எல்லாம் கிளம்பி வரும். என் முகத்தில் நடந்தது பின்னதைப் போலவே இருக்கிறது என்றார் மருத்துவர். இவற்றை விற்பது 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின் கீழ்க் குற்றம். முதல் முறை பிடிபடும் தனிநபருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கலாம். இருந்தும் டப்பிகள் வருகின்றன, ஏனென்றால் நாம் வாங்குகிறோம்.

நான் வாங்கியது பருவுக்காக மட்டுமன்று, ‘வெளுக்கும்’ என்ற சொல்லுக்காகவும்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது. எங்கள் உறவினர் வீட்டு விசேஷங்களில் மட்டும், “என்ன இப்படிக் கறுத்துட்ட?” என்ற விசாரிப்பு இன்னும் மாறவில்லை.

எனக்குக் கிளினிக்கில் கிடைத்தது பென்சாயில் பெராக்சைடு ஜெல். 2.5 விழுக்காடு போதும்; கூடினால் எரிச்சல்தான் கூடும். துணியை வெளுக்கச் செய்யும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் மறந்துபோய் அம்மாவின் புதுத் தலையணை உறையைப் பாழாக்கினேன். எட்டு வாரம் பொறுக்கச் சொன்னார்கள். நான்காம் வாரம் வரை ஒன்றுமே மாறாததுபோல் இருந்தது. எஸ்.பி.எம். எழுதியபோதும் முகம் சிவந்துதான் இருந்தது. முடிவு வாங்கப் போன நாளில் நண்பர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன். கறைகள் அதில் தெரியும். வலியோடு ஆழமாகக் கட்டிபோல் வந்தாலோ குழி விழத் தொடங்கினாலோ, காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். கழுவுவது மட்டும் அதற்குப் போதாது.

போன வெள்ளிக்கிழமை இரவு, படிவம் மூன்று படிக்கும் தம்பி புலனத்தில் ஒரு படம் அனுப்பினான். இணையத்தில் வாங்கிய டப்பி, இளஞ்சிவப்பு மூடி. “அண்ணா, நீ சொன்ன நம்பரைத் தேடுறேன், காணோமே” என்று எழுதியிருந்தான். எத்தனை நாளாகப் போடுகிறாய் என்று கேட்டேன். “நாலு நாள்தான்” என்று பதில் வந்தது. பிறகு, “அம்மாகிட்ட சொல்லாத” என்று இன்னொன்று.

சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை அம்மா அவனையும் டப்பியையும் அதே கிளினிக்கிற்கு அழைத்துப் போகிறார்.